பந்தய நிலையும் பரிசோதனையும்

(தரவுத்தளச் சேவையகங்களைச் சோதிப்போர்க்கு ஒரு விளக்கம்)

பழைய மாணவர் ஒருவர்

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைதல் வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, எப்பொருளைப் பற்றி எழுதுவதென நாம் சில நாள் சிந்தித்தோம். இத்தகைய மலர்களிற் பழைய மாணவர் தத்தம் தொழில் சார்ந்த பொருள்களை எழுதுதல் மரபு. வழக்கறிஞர் சட்டத்தைப் பற்றியும், மருத்துவர் நோய்த்தடுப்பைப் பற்றியும், கமத்தொழில் கற்றவர் நெற்செய்கையைப் பற்றியும் எழுதி வந்துள்ளனர். நமது தொழிலோ கணனி மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. ஆரவாரம் அற்ற தொழில். எனினும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலுமிருந்து ஆண்டுதோறும் பல இளைஞர் இத்துறையிற் புகுகின்றனராதலின், அவர்கள் முதல் ஆண்டிலேயே எதிர்ப்படும் ஒரு சிக்கலை இங்கு விளக்க முற்படுகின்றோம். அதனை ஆங்கில நூலார் 'றேஸ் கண்டிஷன்' என்பர். நாம் 'பந்தய நிலை' என்போம். இத்துறையிற் புகாத அன்பர்களும் இதனை அறிதல் நன்று. ஏனெனில், அவர்கள் வங்கியில் இட்ட பணமும், வைத்தியசாலையிற் பதிந்த பெயரும், பரீட்சையிற் பெற்ற புள்ளியும் இன்று தரவுத்தளங்களிலேயே தங்கியிருக்கின்றன.

பந்தய நிலை யாது?

தரவுத்தளச் சேவையகம் என்பது பலர் ஒரே வேளையில் வந்து கேட்கும் கணக்குகளைப் பார்த்துக் கூறியும், புதியன எழுதியும், பழையன திருத்தியும் ஓயாது தொண்டாற்றும் ஒரு கணக்கப்பிள்ளை எனலாம். கேட்போர் ஒருவராயின் இடர் இல்லை. இருவர் ஒரே நொடியில் ஒரே கணக்கைக் கேட்கும்போதே இடர் பிறக்கின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் பொதுவான வங்கிக் கணக்கொன்றில் 10,000 ரூபா இருக்கின்றது. கணவர் மட்டக்களப்பு நகரிலுள்ள பண இயந்திரத்தில் 6,000 ரூபா கேட்கின்றார். அதே வேளையில் மனைவியார் களுவாஞ்சிக்குடியில் 5,000 ரூபா கேட்கின்றார். முதலாவது இயந்திரத்தின் பொருட்டுச் சேவையகம் மீதியைப் பார்க்கின்றது: 10,000. இரண்டாவதன் பொருட்டும் பார்க்கின்றது: அப்பொழுதும் 10,000. இரு வேண்டுகோளும் தகுதியானவை எனத் தீர்மானிக்கப்படுகின்றன. முதல்வர்க்கு 6,000 கொடுத்து மீதி 4,000 என எழுதப்படுகின்றது. அடுத்தவர்க்கு 5,000 கொடுத்து, தான் முன்பு பார்த்த 10,000 இலிருந்து கழித்து, மீதி 5,000 என அதன்மேல் எழுதப்படுகின்றது. வங்கி கொடுத்தது 11,000. ஏட்டில் எஞ்சியிருப்பது 5,000. முதலில் எழுதியது அழிந்தொழிந்தது.

இங்கே கூட்டல் கழித்தலிற் பிழை இல்லை. கட்டளைகளிலும் பிழை இல்லை. பிழை வரிசையிலே உள்ளது. ஒருவர் முழுதும் முடித்தபின் மற்றவர் தொடங்கியிருந்தால் விடை சரியாயிருக்கும். இவ்வாறு, எவர் முந்துகின்றார் என்னும் தற்செயலைப் பொறுத்து விடை மாறும் நிலையே பந்தய நிலை. டேவிட் ஹஃப்மன் என்னும் அமெரிக்க அறிஞர் மின்சுற்றுக்கள் பற்றி 1954 இல் எழுதிய ஆய்விலேயே இச்சொல் வழங்கியிருக்கின்றது.

இதற்கு மருந்து பூட்டு. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தை மூத்த அன்பர்கள் மறந்திரார். அது மிக ஒடுங்கியது. ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும் வரை மறுபக்கத்தார் காத்திருத்தல் வேண்டும். 2013 இற் புதிய பாலம் திறக்கப்படும் வரை அந்தக் காத்திருப்பு நம் வாழ்வின் ஒரு கூறாயிருந்தது. சேவையகமும் அவ்வாறே ஒரு கணக்கு நிரையை ஒருவர் திருத்தும்போது அதற்குப் பூட்டிட்டு, மற்றவரைக் காக்க வைக்கின்றது. இம்முறையின் அடிப்படையை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965 இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில் நிறுவினார். தரவுத்தளத் துறையில் ஜிம் கிறே என்பாரும், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1977 இற் பட்டம் பெற்று ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வு செய்த சி. மோகன் அவர்களும் அதனை வளர்த்தனர். நிரை நிரையாக நுண்ணிய பூட்டிடவும், இடையில் நின்றுபோன சேவையகம் கணக்கு வழுவாது மீண்டெழவும் வழி கூறும் 'ஏரீஸ்' முறையை மோகன் குழுவினர் 1992 இல் வெளியிட்டனர்.

பூட்டு உரிய இடத்தில் உரிய வேளையில் விழாவிடின் விளைவது யாது? 1985 ஆம் ஆண்டிற்கும் 1987 ஆம் ஆண்டிற்கும் இடையில் 'தெறக்-25' என்னும் கதிர்மருத்துவ இயந்திரம் ஆறு நோயாளர்க்கு அளவிறந்த கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அவர்களுட் சிலர் உயிர் நீத்தனர். காரணங்களுள் ஒன்று பந்தய நிலை. பணியாளர் மெதுவாகத் தட்டச்சு செய்தபோது பிழை தோன்றவில்லை. கை பழகி விரைவாகத் திருத்தியபோதே தோன்றிற்று. 2003 ஆம் ஆண்டு ஆகஸ்ற் 14 ஆந் திகதி வட அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்து கோடி மக்கள் மின்சாரமின்றி இருளில் ஆழ்ந்தனர். அன்று ஒரு மின் நிலையத்தாரின் எச்சரிக்கை மணி ஒலியாதிருந்தமைக்கும் பந்தய நிலையே காரணமெனப் பின்னர்க் கண்டறிந்தனர்.

இயந்திரம் நடத்தும் பரிசோதனை

சேவையகத்தின் செய்நிரலில் ஒருவர் சிறு மாற்றம் செய்தாலும், பழைய தொழிற்பாடுகள் பழுதுபடாதிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான பரிசோதனைகளை மனிதர் கையாற் செய்தல் இயலாது. ஆதலின், 'இக்கட்டளைகளை இடுக. இவ்விடைகள் வருதல் வேண்டும்' என எழுதிவைத்த ஏடுகளை இயந்திரமே நாள்தோறும் ஓட்டி, வந்த விடையை எழுதிவைத்த விடையோடு ஒப்பிடுகின்றது. ஒத்தால் தேர்ச்சி, ஒவ்வாவிடில் தோல்வி. 1995 இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல், கலிபோர்னியாவிலுள்ள பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1986 இற் கருக்கொண்ட போஸ்ட்கிரெஸ் ஆகிய புகழ்பெற்ற சேவையகங்கள் இரண்டும் இத்தகைய பெருந்தொகுப்புக்களாலேயே காக்கப்படுகின்றன.

ஒருவர் மட்டும் கேட்கும் பரிசோதனையை எழுதுதல் எளிது. பூட்டைச் சோதிக்கவோ இருவர் வேண்டும். அவ்விருவரையும் 'அ' அமர்வு, 'ஆ' அமர்வு என்போம். ஏட்டில் எழுத வேண்டியது இதுவே:

அ, ஒரு நிரையைத் திருத்தி, உறுதி செய்யாது நிற்கும்.
ஆ, அதே நிரையைத் திருத்த முயன்று, பூட்டின் வாயிலிற் காத்திருக்கும்.
அ, தன் திருத்தத்தை உறுதி செய்யும்.
ஆ, விடுபட்டுத் தன் வேலையை முடிக்கும்.
இறுதி மீதி சரியா எனப் பார்க்கப்படும்.

இதில் ஒரு வினா எழுகின்றது. மூன்றாம் படியைத் தொடங்குமுன், ஆ உண்மையில் வாயிலை அடைந்துவிட்டது என்பதை ஏடு எவ்வாறு அறியும்? ஆ என்பது வேறோர் அமர்வு. கட்டளையை அனுப்பியதனால் அது நிறைவேறத் தொடங்கிவிட்டது என்பது பெறப்படாது. இவ்விடத்திற் பலரும் கையாளும் உபாயம், 'இரண்டு நொடி உறங்குக' என்றொரு கட்டளையை இடையில் இடுவது. இரண்டு நொடிக்குள் ஆ வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு.

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதையிற் செல்வோர் இந்த எதிர்பார்ப்பின் குறையை நன்கறிவர். 'பத்து நிமிடம் பொறுத்து இறங்குதுறைக்குப் போ. பாதை வந்திருக்கும்' என்று சிறுவனொருவனை அனுப்புகின்றோம் என்க. காற்று அடங்கிய நாளில் அது சரியாகும். கச்சான் வீசும் நாளிலோ, திருவிழாக் கூட்டம் நிறைந்த நாளிலோ அது பொய்க்கும். 'பாதை கரை தட்டியதைக் கண்டபின் ஏறு' என்று சொல்லியனுப்பினால் எந்நாளும் பொய்க்காது. நொடிகளை எண்ணுவது முதலாவது வகை. நிகழ்ச்சியைக் காண்பது இரண்டாவது வகை. பரிசோதனையிற் பந்தய நிலையை நீக்கும் கலை முழுவதும் முதலாவதை விடுத்து இரண்டாவதைக் கைக்கொள்வதே.

உறக்கக் கட்டளையால் விளையும் கேடு மூன்று. இயந்திரம் வேலை மிகுந்து தளர்ந்திருக்கும் வேளையில் இரண்டு நொடி போதாமற் பரிசோதனை வீணே தோற்றல் ஒன்று. அதனை அஞ்சி இருபது நொடி உறங்கவிட்டால், ஆயிரம் பரிசோதனைகளில் அத்தனை மணிநேரம் வீணாதல் மற்றொன்று. மூன்றாவது கேடு மறைவானது, ஆதலிற் கொடியது. ஆ வந்து சேருமுன் அ உறுதி செய்துவிட்டால், ஆவிற்குக் காத்திருக்க வேண்டிய தேவையே எழாது. அது தடையின்றித் தன் வேலையை முடிக்கும். இறுதி மீதியும் சரியாயிருக்கும். பரிசோதனை தேர்ச்சி பெறும். ஆனாற் பூட்டு சோதிக்கப்படவேயில்லை! பரீட்சை எழுதாத மாணவனுக்குச் சித்தி வழங்கியதை ஒக்கும் இது.

வீணே தோற்கும் பரிசோதனைகள் சிலவாயினும் தீங்கு பெரிது. ஒவ்வொன்றும் ஆயிரம் தடவைக்கு ஒரு தடவையே வீணே தோற்கும் எனக் கொள்வோம். அத்தகையன ஆயிரம் ஒரு தொகுப்பில் இருப்பின், முழுத் தொகுப்பும் தோல்வியின்றி முடியும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 37 மட்டுமே. கூகிள் நிறுவனத்தார் 2016 இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்தம் பரிசோதனைகளுள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு இத்தகைய தளம்பலை ஓரளவேனும் காட்டின. அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2014 இல் அப்பாச்சி நிறுவகத்தின் 51 மென்பொருள்களை ஆராய்ந்தபோது, தளம்பும் பரிசோதனைகளுக்கு முதற் காரணமாகக் கண்டது, காத்திருக்க வேண்டிய நிகழ்ச்சிக்கு முறையாகக் காத்திராமையே. நூற்றுக்கு 45 பங்கு அதனால் விளைந்தது. இவ்வாறு அடிக்கடி வீணே மணி அடித்தால், 'புலி வருகிறது' எனக் கூவிய சிறுவன் கதையாகும். மெய்யான புலி வரும் நாளில் எவரும் திரும்பிப் பாரார்.

நாம் கற்ற பாடம்

இதனை நாம் நூலிற் கற்றிலோம், இடர்ப்பட்டே கற்றோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணிசெய்த ஒரு நிறுவனத்தில், மேலே கூறியது போன்ற ஒரு பரிசோதனை நம் பொறுப்பில் இருந்தது. அது இடையிடையே இரவு வேளையிற் தோற்கும். மறுமுறை ஓட்டினால் தேறும். தோற்கும்போது, ஆ அமர்வு விடுபடாமலே நின்று காலவரையறை கடந்துவிடும். நாம் ஏட்டைப் பார்த்தோம். இரண்டு நொடி உறக்கம் இருந்தது. 'இரவில் இயந்திரம் தளர்கின்றது' என்று முடிவு செய்து அதனை ஐந்தாக்கினோம். தோல்வி அற்றுப்போயிற்று. மேலாளர் பாராட்டினார், நாமும் மகிழ்ந்தோம்.

சில மாதங்களின்பின் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து முறைப்பாடு வந்தது. கூட்டம் மிகுந்த ஒரு நாளில் அவர்தம் சேவையகத்தில் ஓர் அமர்வு விடுபடாது நின்றுவிட, அதன் பின்னால் மற்றவையும் நிற்க, முகப்புக்கள் யாவும் செயலற்றன. பொதுமக்கள் நெடுநேரம் வரிசையில் நின்றனர். ஆராய்ந்தபோது வெளிப்பட்டது இது. ஆ அமர்வு, பூட்டு திறந்துளதா எனப் பார்க்கின்றது. திறக்கவில்லை எனக் கண்டு, காத்திருப்போர் பட்டியலிற் தன் பெயரை எழுதச் செல்கின்றது. பார்த்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையிலுள்ள அந்தக் கணத்தில் அ பூட்டைத் திறந்து, காத்திருப்போர் எவரேனும் உளரா எனப் பட்டியலைப் பார்க்கின்றது. ஒருவரும் இல்லை எனக் கண்டு சென்றுவிடுகின்றது. அதன்பின் ஆ தன் பெயரை எழுதி உறங்குகின்றது. அதனை எழுப்புவார் இனி எவருமிலர்.

அன்பர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். நமது பரிசோதனை இரவில் தோற்றது ஏட்டின் குறையால் மட்டுமன்று. தளர்ந்த இயந்திரத்தில் ஆ பிந்தி வந்தமையால், சிற்சில வேளை அதன் வருகையும் அவின் உறுதிப்படுத்தலும் ஒரே கணத்தில் நேர்ந்தன. சேவையகத்தின் மெய்யான பிழை அவ்வேளையில் வெளிப்பட்டது. உறக்கத்தை ஐந்து நொடியாக்கியபோது, ஆ எப்பொழுதும் முன்னரே பட்டியலிற் பெயர் எழுதி முடித்தது. பிழை வெளிப்படும் வாய்ப்பை நாமே அடைத்துவிட்டோம். பரிசோதனை நமக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் அதன் வாயை மூடினோம்.

ஆதலின், தளம்பும் பரிசோதனையைக் கண்டவிடத்து முதலிற் கேட்க வேண்டிய வினா, 'பந்தயம் ஏட்டில் உள்ளதா, சேவையகத்தில் உள்ளதா?' என்பதே. அதற்கு விடை காணுமுன் எதனையும் திருத்தலாகாது.

நீக்கும் வழிகள்

முதலாவது வழி, நொடிக்குக் காத்திராது நிலைக்குக் காத்திருத்தல். தன்னிடம் வந்துள்ள அமர்வுகள் யாவை, ஒவ்வொன்றும் யாது செய்கின்றது, எது எதன் பூட்டுக்குக் காத்திருக்கின்றது என்னும் விபரங்களைச் சேவையகமே பட்டியலாக வைத்திருக்கின்றது. மூன்றாவது அமர்வொன்றைத் திறந்து, 'ஆ பூட்டுக்குக் காத்திருக்கின்றதா?' என்று நொடியின் சிறு பின்னத்துக்கு ஒருமுறை கேட்டு, ஆம் என்ற விடை வந்தவுடன் மேற்செல்லலாம். இதற்கு ஓர் உச்ச எல்லை வேண்டும். ஒரு நிமிடம் கடந்தும் விடை வராவிடின் தோல்வி என அறிவித்தல் வேண்டும். இந்த எல்லை உறக்கத்தை ஒத்ததன்று. உறக்கம் எந்நாளும் முழுதாகச் செலவாகும். எல்லையோ பழுது நேர்ந்த நாளில் மட்டுமே செலவாகும். ஆகவே அதனைத் தாராளமாக வைக்கலாம்.

இரண்டாவது வழி, செய்நிரலின் உள்ளேயே தரிப்பிடம் அமைத்தல். நாம் மேலே கூறிய பிழை நிகழும் கணத்தை வெளியிலிருந்து பிடித்தல் அரிது. அது நொடியின் இலட்சத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். மைஎஸ்கியூஎல் சேவையகத்தில் இதன் பொருட்டு 'டீபக் சிங்க்' என்றொரு வசதி உண்டு. செய்நிரலின் முக்கிய இடங்களிற் பெயரிட்ட தரிப்பிடங்கள் இருக்கும். பரிசோதனைக்கெனக் கட்டிய சேவையகத்தில் மட்டும் அவை உயிர்பெறும். 'இவ்விடத்தை அடைந்ததும் வந்துவிட்டேன் எனக் குறிகாட்டு. பின், செல் என்னும் குறி வரும்வரை நில்' என ஒவ்வோர் அமர்வுக்கும் கட்டளையிடலாம். போஸ்ட்கிரெஸிலும் 2024 இல் வெளிவந்த 17 ஆம் பதிப்பு முதல் இதனை ஒத்த ஒரு வசதி சேர்ந்துள்ளது. புகையிரத நிலையத்திற் கைகாட்டி இறங்கும்வரை வண்டி நிற்பது போன்றது இது. தற்செயலாக நேர்ந்த வரிசையை நாம் வேண்டியபோது நேர்விக்கலாம். நமது பழைய பிழையையும் ஈற்றில் இவ்வாறே பிடித்தோம். பார்த்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையில் ஒரு தரிப்பிடம் அமைத்து ஆவை நிறுத்தினோம். அவை உறுதி செய்யவிட்டோம். பின் ஆவைச் செல்லவிட்டோம். மாதக்கணக்கில் ஒளிந்திருந்த பிழை ஓட்டிய ஒவ்வொரு தடவையும் தோன்றிற்று. பார்த்தலையும் எழுதுதலையும் ஒரே காவலுக்குள் பிரியாதவாறு அடக்கிய பின்னர் ஒரு தடவையும் தோன்றவில்லை.

மூன்றாவது வழி, வரிசைகளையே பட்டியலிட்டு ஓட்டுதல். போஸ்ட்கிரெஸில் 2011 ஆம் ஆண்டின் 9.1 பதிப்பு முதல் இதற்கெனத் தனிக் கருவி உண்டு. ஒவ்வோர் அமர்வும் செய்யும் படிகளைத் தனித்தனி எழுதி, எவ்வெவ் வரிசையில் அவை கலந்து நிகழ்தல் வேண்டும் என்றும் எழுதினால், கருவி அவ்வரிசைப்படியே நடத்தும். வரிசை எதனையும் குறிப்பிடாவிடின் இயலும் வரிசைகள் அனைத்தையும் நடத்தும். ஒரு படி தடைப்பட்டு நிற்கின்றதா என்பதை அது நொடி எண்ணி ஊகியாது. சேவையகத்தையே வினவி அறியும். இங்குக் கணிதம் கற்கும் மாணவர் ஓர் எச்சரிக்கையை உணர்தல் வேண்டும். இரு அமர்வுகளுக்கு மும்மூன்று படிகள் எனின் வரிசைகள் 20. நந்நான்கு எனின் 70. பப்பத்து எனின் 184,756. எனவே, படிகளைச் சுருக்கி, ஐயத்துக்குரிய இடத்தை மட்டும் எடுத்துச் சோதித்தலே அறிவுடைமை.

நான்காவதாக, பந்தயம் என்று தோன்றாத பந்தயங்களையும் களைதல் வேண்டும். அவற்றுட் சிலவற்றைச் சுருங்கக் கூறுவாம்.

வரிசைப்படுத்துமாறு கேளாது நிரைகளைக் கேட்டால், அவை எவ்வரிசையிலும் வரலாம். நேற்று வந்த வரிசை இன்றும் வரும் என்பதற்குச் சேவையகம் பொறுப்பன்று. ஆதலின் வரிசையைக் கேட்டுப் பெறுக. அல்லது ஒப்பிடுமுன் வரிசைப்படுத்துக. நேரம், அமர்வு எண் போன்று ஓட்டந்தோறும் மாறுவனவற்றை ஒப்பீட்டிலிருந்து மறைத்துவிடுக.

ஓர் அமர்வைத் துண்டிக்குமாறு கட்டளையிட்டவுடன் அது மறைந்துவிடுவதில்லை. சேவையகம் அதனைச் சுத்திசெய்யச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த பரிசோதனை தொடங்கி அமர்வுகளை எண்ணினால் ஒன்று மிகும். விருந்தினர் படலை கடந்தபின்பே வாசல் பெருக்குவது போல, பரிசோதனையின் முடிவில் அமர்வுகளின் தொகை தொடக்கத் தொகைக்கு இறங்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

முதன்மைச் சேவையகத்தில் எழுதியது அதன் பிரதியிற் சேரச் சிறிது காலம் செல்லும். பிரதியை உடனே வினவாது, இன்ன இடம்வரை வந்து சேர்ந்துள்ளது என்பதை உறுதி செய்த பின் வினவுக. பழைய நிரைகளை அகற்றல், கணிப்புக்களைப் புதுப்பித்தல் முதலியவற்றைச் சேவையகம் பின்னணியிற் தானே செய்துகொண்டிருக்கும். விடை அவற்றைச் சார்ந்ததாயின், அவற்றை நிறுத்தி வைக்க அல்லது முடியும்வரை காத்திருக்க. ஒரு பரிசோதனை உண்டாக்கிய அட்டவணை மற்றொன்றின் காலில் இடறாதவாறு ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் நிகழ்க.

ஐந்தாவதாக, திருத்தியது திருந்தியதா என்பதை அறிதல். ஒரு தடவை தேறியது சான்றாகாது. நூற்றுக்கணக்கில் மீண்டும் மீண்டும் ஓட்டுதல் வேண்டும். வேறு வேலைகளால் இயந்திரத்தைத் தளரச் செய்தும் ஓட்டுதல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தொண்டர் பலர் தத்தம் கணனிகளை இதற்கெனக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர் சூட்டி, ஒரு பண்ணையாக நடத்துகின்றனர். அவற்றுள் மிக மெதுவான கணனிகளே பந்தயப் பிழைகளைப் பிடிப்பதிற் பெரிதும் பயன்படுவதுண்டு. பழுதான இடம் எனச் சந்தேகிக்கும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைப் புகுத்திப் பார்ப்பதும் நன்முறை. உறக்கக் கட்டளை இங்கே தன் உரிய தொழிலைச் செய்கின்றது: பிழையை மறைப்பதற்கன்று, வெளிக்கொணர்வதற்கு.

நோக்கும்போது மறையும் பிழைகளும் உள. அச்சிட்டுப் பார்க்க ஒரு வரி சேர்த்தாலே நேரம் மாறிப் பிழை ஒளிந்துவிடும். ஜிம் கிறே 1985 இல் எழுதிய கட்டுரையில் இவற்றை 'ஹைசன்பக்' என்றார். நோக்குதலே நோக்கப்படும் பொருளை மாற்றும் எனக் காட்டிய பௌதிக அறிஞர் ஹைசன்பேக்கின் பெயரால் எழுந்த சொல் அது. இவற்றுக்கு மருந்து பொறுமை ஒன்றே.

மாணவர்க்கு ஒரு சொல்

தொழிலிற் புகும் இளைஞரை மூன்று சபலங்கள் சூழும். தோற்ற பரிசோதனையை மீண்டும் ஓட்டித் தேறியதும் மறந்துவிடுதல் ஒன்று. உறக்கத்தைச் சில நொடி கூட்டுதல் ஒன்று. பரிசோதனையையே நிறுத்திவிடுதல் ஒன்று. மூன்றும் அன்றைய மாலையை அமைதியாக்கும்; மூன்றையும் நாம் செய்திருக்கின்றோம். ஒரு பரிசோதனையை நிறுத்தியே ஆகவேண்டுமெனின், காரணத்தை எழுதிவைத்து, மீண்டும் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரிற் குறித்துவைத்து நிறுத்துக. மறைத்துச் செய்வதற்கும் சொல்லிச் செய்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

இவை கற்பதற்குக் கொழும்பிற்கோ கடல் கடந்தோ போதல் வேண்டுமென்பதில்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றின் செய்நிரல்களும், அவற்றின் பரிசோதனை ஏடுகளும் எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கத்தக்கவை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவரும், நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவரும் ஒரு பழைய கணனியில் அவற்றை நிறுவி, உறக்கக் கட்டளை உள்ள ஓர் ஏட்டைத் தேடியெடுத்து, அதனை நிலைக்குக் காத்திருக்கும் ஏடாக மாற்றிப் பார்க்கலாம். அத்தகைய சிறு திருத்தங்களை அக்குழுவினர் நன்றியோடு ஏற்பர். அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியும் எனக் காட்டிக் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த நாடு இது. தரிப்பிடம், அமர்வு, நிரை, பூட்டு எனும் சொற்களால் இப்பொருளை ஓரளவேனும் விளக்க இயன்றதாயின், அது அவர் போன்றார் இட்ட வித்தின் பயனே.

ஆசிரியர் வினாத்தாளைக் கொடுத்து 'எழுதியதை மறுபடி பார்' என்று நமக்கு அந்நாளிற் சொன்னது, விடையைத் திருத்துவதற்காக மட்டுமன்று. அவ்விடை எவ்வாறு வந்தது என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே. அப்பாடத்தை நாம் பிந்தியே விளங்கிக்கொண்டோம். இன்று வகுப்பிலிருக்கும் இளையோர் முந்தி விளங்கிக்கொள்வாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!